முற்றத்துப் பந்தி

சுசீந்திரத்திலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் வயல் வேலைக்குப் போகும் பெண்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நேத்து பெரிய பண்ணையில அறுப்பு முடிஞ்ச புத்தரிசிச் சோத்துக்கு நான் முன்வாசல் வழியாப் போனேன்," என்றாள் மூத்தவள்.

"அய்யோ! வருசா வருசம் நமக்குத் தொழுவத்துப் பக்கம்தானே எல போடுவாவ?"

"அறுத்த நெல்லை முன்வாசல் வழியாத்தானே சுமந்தேன்? அப்படியே போயி முற்றத்துப் பந்தியில இருந்துட்டேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

"காரியஸ்தர் எந்திரிக்கச் சொன்னாரு. நான் எந்திரிக்கல மக்கா."

"பொறவு?"

"பண்ணையாருக்க பொண்டாட்டி வந்தா. அவளே எனக்குச் சோறு வெளம்பினா."

"தொழுவத்துல இருந்தவளுவ?"

"கொஞ்ச நேரம் எட்டிப் பாத்துக்கிட்டு நின்னாளுவ. அப்புறம் ஒவ்வொருத்தியா எலையத் தூக்கிட்டு முற்றத்துக்கு வந்துட்டாளுவ."