இரண்டு கதவுகளும் ஓர் எலக்ட்ரானும்

அவைக்கு அணியாக அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, அனுபவத்தால் நிறைந்த ஆன்றோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

குவாண்டம் இயற்பியலை நாடகமாகப் போடுகிறோம் என்றதும், "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களில் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். பின்னால் திரும்பிப் பார்க்காதீர்கள் ஐயா, உங்களைத்தான் சொல்கிறேன்.

நாடகத்தை எழுதியவர், கல்லூரியில் இயற்பியல் நடத்தும் என் அக்கா. மேடையில் ஒரே ஒரு பொய் வந்தாலும் நாடகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்று நிபந்தனை போட்டுத்தான் கொடுத்தார். அக்கா சொன்னால் சொன்னதுதான்.

மேடையில் இரண்டு கதவுகள். பின்னால் வெள்ளைத் திரை. எலக்ட்ரான் என்னும் நுண்துகளாக என் மனைவி. அவள் கதவைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் திரைக்குப் பின்னாலிருக்கும் எங்கள் ஆள் திரையில் ஒரு புள்ளியை விழவைப்பார். இருட்டில், எவரும் பாராமல் கடந்தால், புள்ளிகள் சேர்ந்து பட்டை பட்டையாக நிற்கும். எந்தக் கதவு என்று விளக்கடித்துப் பார்த்தால், பட்டைகள் வரவே வராது! கற்பனையா? இல்லை. கட்டுக்கதையா? இல்லை. ஆய்வுக்கூடம் கண்ட அப்பட்டமான உண்மை!

முதல் நாள் காட்சி. எங்கள் விளக்குக்காரர் கதாநாயகி போகுமிடமெல்லாம் வெளிச்சத்தோடு பின்தொடர்ந்தே பழகியவர். அவளை இருட்டில் விட அவருக்கு மனம் வருமா? கை தானாகத் திரும்பியது. கதவில் பளீரென்று வெளிச்சம். திரையிலோ பட்டைகள் அப்படியே நிற்கின்றன! பச்சைப் பொய். அக்கா எழுந்து வாசலை நோக்கி நடந்தார்.

என் மனைவி நின்றாள். விளக்கை நோக்கி நிதானமாகச் சொன்னாள்: "அண்ணே, நீங்க பாத்துட்டீங்க. இனிமே அந்தப் பட்டை வராது. எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து போடச் சொல்லுங்க."

திரை வெளுத்தது. வெளிச்சத்திலேயே மறுபடி மறுபடி கடந்தாள். பட்டைகள் வரவில்லை. அரங்கம் கைதட்டியது. அப்போது நடுவரிசையிலிருந்து ஒரு தையல்காரர் எழுந்தார்.

"சரிம்மா, நாங்க பாக்காதப்ப நீ எந்தக் கதவு வழியா வந்தே?"

அதற்கு எங்களிடம் வசனம் இல்லை. வாசல்வரை போயிருந்த அக்கா திரும்பி வந்து மேடையேறினார்.

"அதைத்தான் இயற்பியல் படிச்ச எங்களாலயும் சொல்ல முடியலைங்க. கணக்கு அச்சுப் பிசகாம வருது. அதுக்கு என்ன அர்த்தம்னு இன்னும் வாதாடிக்கிட்டுத்தான் இருக்கோம்."

அதன்பின் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அதிகம் படித்தவர், பள்ளிப் பக்கமே போகாதவர், அத்தனை பேரும் கேள்வி கேட்டார்கள். அறிந்ததைச் சொல்ல ஆயிரம் வகுப்பறை உண்டு; அறியாததை அச்சமின்றிச் சொல்ல இந்த மேடையன்றி வேறு எது உண்டு?

கீழே இறங்கிய அக்காவிடம், நாடகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறாயா என்று பயந்துகொண்டே கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷமா பாடம் நடத்துறேன்டா தம்பி. பரீட்சைக்கு வருமான்னுதான் எல்லாரும் கேப்பாங்க. இன்னிக்குத்தான் ஒருத்தர், அது நிஜமா எப்படின்னு கேட்டாரு."

அப்படிக் கேட்கப்போகும் உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றியும் வணக்கமும்.