பாட்டு கேட்கும் பக்கம்

ஒரு வீட்டில் மூன்று இடங்களில் பாட்டு ஓட மூன்று பெட்டி வாங்குவது தண்டச்செலவு சார். இடத்துக்கு ஒரு ஸ்பீக்கர் மாட்டினால், எல்லாவற்றுக்கும் ஒரு நல்ல ஆடியோ ரிசீவர் போதும். படம் பார்க்கும்போது ஹாலைச் சுற்றிச் சத்தம் கொடுப்பதும் அதுதான், மற்ற நேரத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகப் பாட்டை அனுப்புவதும் அதுதான். எங்கள் வீட்டில் ஹால், தம்பியின் அறை, பால்கனி. வயர் இழுத்தது முதல் எல்லாம் என் கைவேலை.

தம்பிக்காகத்தான் செய்தேன். ஒரு காய்ச்சலில் அவனுக்குப் பார்வை போனது. அன்றிலிருந்து அவனைத் தரையில் விடாமல் தாங்கினேன். சட்டைப் பொத்தான்கூட நான்தான் போட்டுவிடுவேன்.

வீட்டுக்குள் ஒரு விதி வைத்தேன். பாட்டு கேட்கும் பக்கம் தைரியமாக நடக்கலாம். கேட்காத பக்கம் கால் வைக்கக் கூடாது. தரை ஈரமாக இருந்தால் அந்தப் பக்கத்துப் பாட்டை நிறுத்திவிடுவேன். என் தோளைப் பிடித்தே நடந்தவன், கொஞ்ச நாளில் கையை வீசி நடந்தான். வந்தவர்கள் எல்லோரும் என்னை மெச்சினார்கள். அவன் அப்படி நடந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு போனில் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தான். என் காலடி கேட்டால் பேச்சு நின்றுவிடும். அண்ணனிடம் மறைக்க அவனுக்கு என்ன இருக்கிறது? ஒருநாள் ஹால் பாட்டை நிறுத்தினேன். இனி அவன் வெளியே வரமாட்டான். அவன் அறைக் கதவோரம் நின்று கேட்டேன்.

"ஒட்டுக்கேக்க நீங்க அவருக்கு அண்ணனா, மாமியாரா?" என்று என் மனைவி சிரித்தாள்.

தம்பிக்கு வேலை கிடைத்திருக்கிறது. தனியாக வீடும் பார்த்திருக்கிறான். "அண்ணன்கிட்ட நானே பக்குவமா சொல்லிக்கறேன்" என்று யாரிடமோ சொன்னான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது.

அந்த வாரம்தான் பால்கனித் தடுப்புக் கம்பியைக் கழற்றி வெல்டரிடம் கொடுத்தேன். உண்மையாகவே துருப்பிடித்திருந்தது, அவரையே கேளுங்கள். கம்பி திரும்ப வரும்வரை அந்தப் பக்கம் பாட்டு வராது என்று தம்பியிடம் சொல்லியும் வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் மனைவி சமையலறையில் இருந்தாள். நான் ஹால் சோபாவில் ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஹாலையும் அவன் அறையையும் நிறுத்திவிட்டுப் பால்கனியை மட்டும் போட்டேன். அவன் வெளியே வந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணா, கம்பி மாட்டியாச்சா?"

நான் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் காத்திருந்தான். வீட்டில் நான் இல்லை என்று நினைத்திருப்பான். பிறகு என்னைத் தாண்டி நடந்தான். என் வாயிலிருந்து ஒரு பொய்கூட வரவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வீடு இரண்டாவது மாடியில்தான், அவ்வளவு உயரம் ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என் கையைத்தான் தேடினான். "பாட்டு கேட்டுச்சேண்ணா" என்றான். பக்கத்தில் நின்ற என் மனைவி அவனைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். உங்களுக்குத் தகவல் சொன்னது அவள்தான் என்று தெரியும். அவள்மேல் கோபமில்லை.

ஆமாம், தெரிந்துதான் போட்டேன். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். சீக்கிரம் முடித்து அனுப்புங்கள் சார். இடுப்புக்குக் கீழே இனி அசைவு இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் சாப்பிடும் நேரமாகிறது. கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லைதான். ஆனாலும் நான் ஊட்டினால்தான் அவனுக்கு இறங்கும்.