தீவிலிருந்து வந்தவர்

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நல்ல இட்லி கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மதாம் ஆரெலி. தோசை பரவாயில்லை. கொத்துரொட்டி இலங்கைக்காரர்களுடைய சமாச்சாரம், அதில் தலையிட எனக்குத் தகுதியில்லை. நான் பாண்டிச்சேரிக்காரன். என் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் பென்ஷன் வாங்கியவர், நான் பிரெஞ்சு அரசாங்கத்தில் பென்ஷன் வாங்குகிறேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று வாசலில் உங்கள் காவலர் என்னைக் கேட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. பார்வைக்கு நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் தெரிவோம்.

நீங்கள் விசாரிக்கிற நிருபாவின் புகாரைப் படித்தேன். தன் அக்கா வசந்தரூபியின் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாள். செவ்ரானில் இத்தனை வருஷம் இருந்தும் அவள் பிரெஞ்சில் வினைச்சொற்கள் இன்னும் நொண்டுகின்றன. ஆதாரம் எதுவும் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். இருந்தாலும் வந்திருக்கிறேன். ஒரு விஷயம் எழுதப்பட்டால் சரியாக எழுதப்பட வேண்டும், அது என் குணம்.

முதலில் எட்வர்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் இல்லாமல் இது புரியாது.

எங்கள் குடும்பப் பெயர் பெல்லிங்கம். இங்கிலீஷ்கார மூதாதை இருப்பது பிரெஞ்சுக்காரனுக்கு அவமானம், தமிழனுக்குப் பெருமை. நான் இரண்டுமாக இருப்பதால் அவர் பெயரை வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். பாண்டிச்சேரி மாதா கோயிலில் எங்கள் வம்சத்தின் முதல் கல்யாணம் பதிவாகியிருக்கிறது. மாப்பிள்ளை எட்வர்ட் பெல்லிங்கம், கடலோடி, 'தீவிலிருந்து வந்தவர்.' பெயர் இருக்கிறது, தொழில் இருக்கிறது, தீவும் இருக்கிறது. இங்கிலாந்து ஒரு தீவு என்பதை நான் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஓய்வுபெற்ற பிறகு இங்கிலாந்தின் பழைய பங்குக்கோயில் பதிவேடுகளில் அவரைத் தேடத் தொடங்கினேன். சிலர் ஓய்வுபெற்றால் தூண்டில் போடுகிறார்கள், நான் இதைப் போட்டேன். கடலுக்கடியில் ஓடும் ரயிலேறிப் போவேன். ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து, கோழி கிளறியது போன்ற கையெழுத்துகளைப் படிப்பேன். பெல்லிங்கம்கள் ஏராளம். எட்வர்டுதான் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் டோர்செட்டில் ஒரு சின்னப் பங்கில் அகப்பட்டார். 1809இல் ஞானஸ்நானம், தகப்பன் பெயர் வில்லியம். அதன் பிறகு அந்த ஊரில் அவருக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அப்படியானால் கப்பலேறிவிட்டார் என்றுதானே அர்த்தம்?

எங்கள் வம்சாவளி ஆய்வுச் சங்கத்தின் தலைவர் அர்னோ என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இலையுதிர்காலக் கூட்டத்தில் சிறப்புரை எனக்கு என்றார். அந்தச் சங்கத்தில் அதுவரை என்னை நாற்காலி அடுக்கத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

இனி வசந்தரூபி.

நாங்கள் ரூ பஜோலில் வீடு வாங்கியபோது அந்தத் தெருவில் பிள்ளையார் இல்லை. பிறகு அவர் வந்தார், அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். 2009க்குப் பிறகு வன்னியிலிருந்து வந்தவர்களுக்கு அகதி விண்ணப்பத்தைப் பிரெஞ்சில் எழுதிக்கொடுக்க ஆள் போதவில்லை. நான் எழுதிக்கொடுத்தேன், இலவசமாக. லாசர் ஐயா ஓர் எழுத்தைக் கூட மாற்றமாட்டார் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்வார்கள். அது என் காதில் விழும்படியாகத்தான் பேசுவார்கள், ஆனாலும் உண்மை.

அவள் 2010 கோடையில் நிருபாவோடு வந்தாள். முப்பது வயதிருக்கும். கதையை ஒழுங்காகச் சொன்னாள், அழவில்லை. அழுகிறவர்களிடம் தேதி கேட்டு வாங்குவது பெரிய தொல்லை, அந்த வகையில் அவள் எனக்கு உதவினாள். 2009 மே மாதம், சண்டை முடிந்த அன்று, வட்டுவாகல் பாலத்தடியில் அவள் புருஷன் ராணுவத்திடம் சரணடைந்தான். பேருந்தில் ஏற்றினார்கள். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. அவனைப் பற்றி முகாமில் விசாரித்துக்கொண்டே இருந்தாள். விசாரித்த குற்றத்துக்காக அவளை விசாரித்தார்கள். அதை நான் இங்கே விவரிக்க வேண்டியதில்லை, கோப்பில் இருக்கிறது. அந்தப் பகுதியை நன்றாகவே மொழிபெயர்த்திருந்தேன்.

சொல்லி முடித்ததும் என் மனைவி ஜெனவியேவ் தேநீர் கொடுத்தாள். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வசந்தரூபி சுவரிலிருந்த சட்டத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ஐயா, இது ஆற்ரை பேர்? பாலலிங்கமோ?"

"பெல்லிங்கம். எட்வர்ட் பெல்லிங்கம். இங்கிலீஷ்காரர். எங்க வம்சத்துல மொத ஆளு."

அவள் சிரித்தாள். அந்த வீட்டுக்குள் வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

"எங்கட அப்பான்ரை பேரும் பாலலிங்கம்தான் ஐயா. எங்கட ஆக்களிலை ஒருத்தர் முந்தித் தோணியிலை புகையிலை ஏத்திக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போனவராம். திரும்பி வரேல்லை. அங்கை மாதா கோயிலுக்குப் போற ஒரு வேதக்காரப் பெட்டையைக் கட்டிப்போட்டு நிண்டிட்டாராம். அவற்ரை பேரைத்தான் வழிவழியா எங்கட வீட்டிலை வைக்கிறவை."

"இவரு தீவுலேர்ந்து வந்தவரும்மா. பதிவுலயே தெளிவா எழுதியிருக்கு."

"ஓம் ஐயா, நாங்களும் தீவுதானே. வேலணை. தொண்ணூறிலை இடம்பெயர்ந்துதான் வன்னிக்குப் போனனாங்கள்." கோப்பையை வைத்துவிட்டு என்னை நன்றாக ஒரு தரம் பார்த்தாள். "அப்ப நீங்கள் எனக்குப் பெரியப்பா முறை வரும்போல."

ஜெனவியேவ் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அந்தச் சட்டம் சுவரிலிருந்த இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பார்த்துச் சிரித்ததில்லை, மதாம். அன்று சிரித்தது எனக்குக் கேட்டது.

நான் கோபப்படவில்லை. படிப்பறிவில்லாதவர்கள் ஒலியை வைத்து உறவு கொண்டாடுவது இயல்பு. அத்தோடு போயிருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். தேர்த் திருவிழா வந்தது.

உங்களுக்கும் தெரியும், அன்றைக்குத் தெரு முழுக்க உடைந்த தேங்காயும் கற்பூரப் புகையுமாக இருக்கும். நான் கத்தோலிக்கன். இருந்தாலும் சங்கத்தாருக்குப் பேட்டையைச் சுற்றிக்காட்டுவதாக அர்னோவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். ஆறேழு பேர் வந்திருந்தார்கள், எல்லோரும் வெள்ளைத் தொப்பியும் புகைப்படக் கருவியுமாக. இந்துச் சடங்குகளை நான் ஒரு வெளியாளாக அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, "பெரியப்பா!" என்று சத்தம் கேட்டது.

நெற்றியில் திருநீறோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தேங்காய்ச் சில்லு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள். "பெரியம்மா வரேல்லையே?" என்றாள். அர்னோ அவளைப் பார்த்து, யார் என்று பிரெஞ்சில் விசாரித்தார். அவளுக்கு அப்போது தெரிந்த பிரெஞ்சுச் சொற்கள் ஒரு கைக்குள் அடங்கும். அவற்றில் ஒன்று 'குடும்பம்'. அதைச் சொல்லி என்னையும் தன்னையும் மாறிமாறிக் காட்டினாள்.

"அப்படியா லாசர்?" என்றார் அர்னோ. "உங்கள் இங்கிலீஷ்காரருக்கு இந்தப் பக்கத்தில் ஏகப்பட்ட பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் போலிருக்கிறதே." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாகரிகம் தெரிந்தவன் அப்படித்தான் செய்வான்.

அவள் கதையைத் தமிழில் கேட்டு எழுதி வைத்திருந்தேன். அதைப் பிரெஞ்சில் தட்டச்சு செய்யும் வேலைதான் பாக்கி. மறுநாள் காலை உட்கார்ந்தேன். ஒரே ஓர் இடத்தில், அவள் வன்னியை விட்டு வெளியேறிய மாதத்தை மே என்பதற்குப் பதில் மார்ச் என்று போட்டேன். பிரெஞ்சில் இரண்டுக்கும் முதல் இரண்டு எழுத்து ஒன்றுதான். சோர்ந்த கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. என் கண்கள் அன்று சோர்ந்திருக்கவில்லை.

மார்ச்சில் வெளியேறியவள் மே மாதத்தில் பாலத்தடியில் நின்று எதையும் பார்த்திருக்க முடியாது. புருஷனின் கதை விழுந்தால் முகாமின் கதையும் விழும். அதிகாரிகள் முட்டாள்கள் அல்ல. நேர்முகத்தில் அவள் மே என்றாள், தாளில் மார்ச் என்றிருந்தது. ஜோடித்த கதை என்று முடிவெழுதினார்கள். தாங்கள் படித்ததை வைத்து அவர்கள் சரியாகத்தான் எழுதினார்கள்.

அவள் அந்த நிராகரிப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தாள். வேறு யாரிடம் போவாள்?

"பெரியப்பா, நான் மே எண்டுதானே உங்களிட்டைச் சொன்னனான்?"

"நீ மார்ச்சுன்னுதாம்மா சொன்ன. சொன்னதத்தான் எழுதினேன்."

கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், அதற்கான பதிலும் தயாராக இருந்தது. அவளோ தலையைக் குனிந்துகொண்டு, "அப்ப எனக்குத்தான் தலை குழம்பிப்போச்சுது போல" என்றாள். அவளே ஒப்புக்கொண்ட பிறகு அதை நான் மறுப்பது மரியாதையாக இருக்காது.

மேல்முறையீட்டில் அவள் வழக்கறிஞர் என்னிடம் எழுதிக் கேட்டார். விண்ணப்பதாரர் மார்ச் என்றே கூறினார் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தேன். என் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு உண்டு, மதாம், அது செல்லுபடியாயிற்று, அவள் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. 2012இல் ரயில் நிலையத்துப் பரிசோதனையில் அவளைப் பிடித்து விமானத்தில் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கியதும் அவளை ஓர் அறைக்குள் கூட்டிப்போனதை உடன் வந்த ஒருவர் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை என்று நிருபா எழுதியிருக்கிறாள். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் இலக்கணப் பிழை இல்லை.

தேர் நடந்த அந்த வருஷத்து இலையுதிர்காலத்தில் என் சிறப்புரை நன்றாக நடந்தது. அர்னோ எழுந்து நின்று கைதட்டினார். ஜெனவியேவ் வரவில்லை. அவள் இப்போது ஆர்ஜொந்தெயில் தன் தங்கையோடு இருக்கிறாள். அங்கே காற்று நல்லது என்கிறாள்.

வசந்தரூபி சொன்னது உண்மையாக இருக்கலாம் என்று ஒரு கணமாவது எனக்குத் தோன்றவில்லையா என்று கேட்டீர்கள். தோன்றுவதற்கு என்ன இருக்கிறது? எனக்குத் தெரியும். அவள் என் வீட்டுக்கு வருவதற்கு முந்தின வருஷம், 2009 மே மாதத்தில், டோர்செட் காப்பகத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆம், மே. மார்ச் இல்லை. ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்து முடித்ததும், அதே பங்கின் அடக்கப் பதிவேட்டை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். 1813ஆம் வருஷத்துப் பக்கத்தில் இருந்தார். எட்வர்ட் பெல்லிங்கம், வயது நான்கு. ஊரைவிட்டு எங்கும் போகவில்லை, கோயில் முற்றத்திலேயே படுத்துவிட்டார். பக்கத்தைத் திருப்பிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன்.

ஆனாலும் அதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, மதாம். அந்தக் காலத்துக் கோயில் எழுத்தர்களை நம்ப முடியாது. காதில் விழுந்த பெயரைத் தங்களுக்குத் தெரிந்த பெயராக எழுதி வைத்துவிடுவார்கள்.