இரண்டாம் சூடு

எங்கள் ஊர்த் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும், சார். மெட்ராசிலிருந்து வருகிறவர்கள் முதல் மடக்கிலேயே முகம் சுளிப்பார்கள். பாதகமில்லை, மெதுவாகக் குடியுங்கள். சாயல்குடிப் பக்கத்தில் இதைத்தான் நல்ல தண்ணீர் என்போம்.

என் தம்பி பூமிநாதனுக்குப் பாடம் சொன்ன வாத்தியார் நீங்கள். துக்கம் கேட்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். வந்த இடத்தில் உடைந்த கிணற்றுக் கொக்கியைப் பார்க்கவேண்டும் என்றீர்கள்; எடுத்துக் கொடுத்தேன். அதிலிருந்து அது முறிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இனி உங்களிடம் மறைத்துப் புண்ணியமில்லை.

தீபாவளிக்கு வந்தபோது பூமி தன் படிப்பை எனக்கு விளக்கினான். களத்தில் கருவேல முட்களை அங்கங்கே ஊன்றி, ஒரு சணல் கயிற்றைத் தரையோடு இழுத்தான். கயிறு முள்ளில் தடுக்கி, வளைந்து, திணறியது.

"இரும்புக்குள்ள இப்படித்தாண்ணே. கண்ணுக்குத் தெரியாத பொடி அங்கங்கன நிக்கும். அதுதான் உள்ளுக்குள்ள வழுக்கவிடாமப் பிடிச்சு நிறுத்துது. முள்ளு எம்புட்டு நெருக்கமா இருந்தா கயிறு எம்புட்டுத் திணறும்னு எங்க காலேஜ் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லிரும்."

"அந்தப் பொடி எங்கன இருந்துலே வருது?"

"காய்ச்சித் தண்ணியில முக்குன இரும்பை மறுபடி இளஞ்சூட்டுல வைக்கணும். அப்பத்தான் பொடி பிறக்கும். இல்லேன்னா அது கண்ணாடிதான். சும்மா தொங்குனா பாரம் தாங்கும். வெடுக்குன்னு வெட்டி இழுத்தா போச்சு."

அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாங்கு இருந்தது. எழுத்து வாசனை இல்லாத எனக்கே விளங்கிவிட்டது பாருங்கள்.

கிணறு எனக்கும் பங்காளி கூத்தையாவுக்கும் பொது. ஒரு நாள் அவன் முறை, மறுநாள் என் முறை. கூத்தையா நல்லவன், அவனைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் ஐப்பசி மழை பொய்த்துவிட்டது. அவன் இறைத்த மறுநாள் எனக்குச் சேறுதான் மிச்சம். என் மிளகாய்ச் செடிகள் கண்ணெதிரே சுருண்டன. வயிறு எரிந்தது, சார். கூத்தையாவுக்குப் பிள்ளை இல்லை. அவன் இல்லாவிட்டால் அவன் பெண்சாதி ராக்கு பிறந்த ஊருக்குப் போய்விடுவாள். எல்லா நாளும் என் முறையாகிவிடும்.

தை பிறந்ததும் கிணற்றில் தூர் வாரவேண்டும். இந்த வருஷம் உள்ளே இறங்குவது கூத்தையாவின் பங்கு. ஆளை இறக்கும் பலகை, லாரி வில்லுப் பட்டை இரும்பில் அடித்த அந்தக் கொக்கியில்தான் தொங்கும். முதல் நாள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, சிரட்டைக் கரியில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினேன். இரண்டாவது சூடு காட்டவில்லை. ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தினேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில், வழக்கப்படி முதலில் ஆட்டுரலைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். கொக்கி அசையாமல் தாங்கியது. ஊரே பார்த்தது. அப்போதுதான் ராக்கு ஓடிவந்தாள்.

"அவுகளுக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது. எந்திரிக்க முடியல."

முறைக்காரன் படுத்துவிட்டால் அடுத்த பங்குக்காரன் இறங்கவேண்டும். உரல் கட்டிப் பார்த்த பிறகு வேலையை ஒத்திப்போட்டால் கிணறு வற்றிவிடும் என்று எங்கள் பக்கம் ஒரு பயம். இடுப்புப் பிடித்திருக்கிறது, குனிந்து தூர் வார முடியாது, கயிறு வேண்டுமானால் பிடிக்கிறேன் என்றேன். பொங்கல் லீவுக்கு வந்திருந்த பூமி வேட்டியை மடித்துக் கட்டினான்.

"பழைய கொக்கிதானண்ணே?"

"பழசுதாம்லே."

அதில் பொய் இல்லை. வேறு என்ன சொல்லமுடியும்? கொக்கி சரியில்லை என்றால், உரலைத் தாங்கிய கொக்கிக்கு என்ன கேடு, உனக்கெப்படித் தெரியும் என்பார்கள். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். அவன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"வெடுக்குன்னு விட்டுறாதீகண்ணே."

விடவில்லை. அத்தனை பக்குவமாக எந்தக் கயிற்றையும் நான் விட்டதில்லை. கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல இறக்கினேன். அவன்தான் பாதிக் கிணற்றில் சுவரில் மோதாமலிருக்கக் காலால் உதைத்து விலகினான். பலகை துள்ளியது. டக்கென்று ஒரு சத்தம். கயிறு என் கையில் லேசாகிவிட்டது. அடியில் தண்ணீர் இல்லை, ஒரு சாண் சேறும் அதன்கீழ் பாறையும்தான்.

கூத்தையா காய்ச்சலோடு வந்து என் காலடியில் விழுந்து கதறினான். தனக்குப் பதிலாகப் போன பிள்ளை என்று சொல்லி, தன் முறைத் தண்ணீரை எங்கள் வீட்டுக்கே விட்டுக்கொடுத்துவிட்டான். நானும் அழுதேன். அது வேஷமில்லை, இன்றைக்கும் பூமி சாப்பிட்ட தட்டைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. தூரைப் பிற்பாடு கூலிக்கு ஆள் வைத்து வாரினோம்.

ஜன்னல் வழியாகப் பாருங்கள், சார். மிளகாய் காய்த்துத் தொங்குகிறது. இந்த வட்டாரத்தில் வேறு யார் கொல்லையும் இந்த வருஷம் இப்படி இல்லை. பூமி படித்த படிப்பு வீட்டுக்கு உதவவில்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது.