படிக்கட்டில் நிற்கும் பையன்கள்

— அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், முதல்ல உள்ள வந்து உக்காரு கிர்ஸ்டி. மூணு வாரக் கொழந்தையைத் தூக்கிட்டு மழையில நின்னுட்டா பேசறது?

— உக்காந்தா எந்திரிக்க மனசு வராது சின்னய்யா. ஒரே ஒரு கேள்விதான். பதிலைச் சொல்லிட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் பண்ணைக்குப் போயிடுவேன்.

— கணப்புப் பக்கத்துல உக்காரு. பாக்ஸ்டரம்மா! டீ என்னாச்சு?

— இதோ கொண்டாந்துட்டேனே. ரொட்டி இருக்கு, வெண்ணெய் கொஞ்சம் இருக்கு, சர்க்கரை மட்டும் கேக்காதீங்க. இந்த யுத்தம் முடியற வரைக்கும் இந்த வீட்டுல சர்க்கரைங்கற பேச்சே கிடையாது. ஏம்மா கிர்ஸ்டி, நீ முன்வாசல் வழியாவா வந்தே? உங்கப்பா முப்பது வருஷமா குத்தகை கட்ட பின்வாசல் வழியாத்தான் வந்துட்டுப் போறார்.

— பின்வாசல் பூட்டியிருந்துச்சு பாக்ஸ்டரம்மா.

— பூட்டினதே நான்தான். நீ மேட்டுப்பண்ணையிலேருந்து இறங்கி வர்றதை சமையலறை ஜன்னல்லயே பாத்துட்டேன்.

— பாக்ஸ்டரம்மா, போதும். கதவைச் சாத்திட்டுப் போங்க.

— சாத்தறேன். பெரியய்யா சர் ஹெக்டர் சண்டையில செத்து நாலு மாசம் ஆகல, அதுக்குள்ள இதையெல்லாம் பாக்கணும்னு என் தலையெழுத்து.

— அவங்க பேசினதை மனசுல வச்சுக்காதே.

— இது எம்மாத்திரம் சின்னய்யா. ஊர்ல பேசறதைக் கேட்டா காதைப் பொத்திக்குவீங்க. பாதிரியாரும் அப்பன் பேரைச் சொன்னாத்தான் ஞானஸ்நானம்னு சொல்லிட்டார். போகட்டும். அந்த வக்கீல் உங்களைக் கேட்டுட்டாரா?

— எந்த வக்கீல்?

— எந்த வக்கீலா? பெர்த் டவுன்லேருந்து வரப்போறாரே, இந்தக் கின்வாடி வீட்டு 'சர்' பட்டம் இனிமே யாருக்குன்னு எழுதி அனுப்ப. தபாலாபீஸ்ல அதுதான் பேச்சு.

— அது வந்து… வியாழக்கிழமை வர்றதா இருக்கு.

— அப்பாடா. அப்ப இன்னும் கேக்கல.

— டீயைக் குடி. ஆறிப்போகுது.

— கேட்டா என்ன சொல்லுவீங்க?

— நீ என்ன சொல்லச் சொல்றே?

— மழுப்பாதீங்க. படகுக் கொட்டகையில விளக்கைப் பிடிச்சுட்டு நின்னது நீங்கதானே? "இவ என் பொண்டாட்டி"ன்னு உங்கண்ணன் சொன்னதையும், "இவர் என் புருஷன்"னு நான் சொன்னதையும் கேட்டுட்டு நின்னது நீங்களும் எங்கண்ணன் டூகலும்தானே?

— ஞாபகம் இருக்கு.

— பாதிரியார் வேண்டாம், மோதிரம் வேண்டாம், ரெண்டு பேர் காதுல விழுந்தாப் போதும், இந்த நாட்டுச் சட்டத்துக்கு அது கல்யாணம்தான்னு அவர் சொன்னார். பட்டாளத்துல குடுத்த லீவு முடிய ரெண்டு நாள்தான் இருந்துச்சு. அடுத்த லீவுல எல்லாருக்கும் சொல்லிக்கலாம்னார்.

— சட்டம் எனக்கும் தெரியும் கிர்ஸ்டி.

— டூகலும் அவர்கூடவே போயிட்டான். ஒரே நாள், ஒரே குழி. இப்ப சாட்சின்னு இந்த உலகத்துல மிஞ்சியிருக்கறது நீங்க ஒருத்தர்தான்.

— அதான் பிரச்சினையே. அது வந்து, நீ நெனைக்கற மாதிரி இது சுலபமில்ல. கோர்ட்டுல உன்னைக் கூண்டுல நிக்க வச்சு என்னென்னமோ கேப்பாங்க. பத்திரிகைக்காரன் எழுதுவான். பண்ணைக்காரர் பொண்ணு பட்டத்துக்கு ஆசைப்பட்டு கதை கட்டறாள்னுதான் பேசுவாங்க. அசிங்கம் உனக்குத்தான். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், கேஸு கீஸுன்னு போயிடாதே.

— நான் கேஸ் போட வந்தேன்னு யார் சொன்னா?

— பின்னே?

— நீங்க ஒண்ணும் பாக்கலைன்னு சொல்லணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்.

— என்ன சொன்னே?

— கல்யாணமே நடக்கலைன்னு சொல்லிடுங்க சின்னய்யா. கொட்டகை இல்ல, விளக்கு இல்ல, ஒண்ணுமே இல்ல. பட்டத்தை நீங்களே எடுத்துக்குங்க.

— உனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா? அப்படிச் சொன்னா இந்தப் பையனை ஊர் என்ன பேர் சொல்லிக் கூப்பிடும் தெரியுமா?

— தெரியும். இப்பவே அப்படித்தான் கூப்பிடுது. அந்தப் பேரோட அவன் தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்.

— கிர்ஸ்டி…

— அந்தக் கதவைக் கொஞ்சம் திறங்க. படிக்கட்டுச் சுவத்துல இருக்கற படங்களைப் பாருங்க. கீழே பெருசா மாட்டியிருக்கே, தொப்பையும் முகத்துல மருவுமா, அவர் யாரு?

— முதல் பரோனெட். சர் கில்பர்ட். ராஜாவுக்கு ஒரு ரெஜிமெண்ட் சேர்த்துக் குடுத்தார். அதுக்குத்தான் அப்பனுக்கப்புறம் பிள்ளைக்குப் போற இந்தப் பட்டமே வந்துச்சு.

— எப்படிச் சேர்த்தார்னும் சொல்லுங்க. பண்ணைக்கு ஒரு பையன். குடுத்தா குத்தகை நீடிக்கும், குடுக்கலைன்னா மூட்டையைக் கட்டிக்கணும். உங்க வம்சத்துல சொந்தக் கட்டில்ல படுத்து செத்தது அவர் ஒருத்தர்தான். ஏன்னா, அவர் ஆளை அனுப்பினாரே தவிர தான் போகல.

— அவரைப் பத்தி எங்கம்மா முன்னாடி இப்படிப் பேசியிருந்தே, தொலைஞ்சே.

— அவருக்கு மேலே?

— ஆர்ச்சிபால்ட். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையைப் பிடிக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி காய்ச்சல்ல போனார். அவருக்கு மேலே வாட்டர்லூ சண்டையில போனவர். அப்புறம் கிரைமியா சண்டையில எங்க தாத்தா. அப்புறம் எங்கப்பா, ஆப்பிரிக்காவுல.

— அப்புறம் என் ஹெக்டர். அத்தனை பேர் முகத்தையும் பாருங்க சின்னய்யா. ஒருத்தருக்காவது மீசை சரியா முளைச்சிருக்கா? பதினெட்டு வயசானதும் படம் வரையறவரைக் கூப்பிட்டுடுவீங்க. எதுக்கு அவ்வளவு அவசரம்? திரும்பி வரமாட்டான்னு தெரிஞ்சுதானே?

— அது எங்க வீட்டு வழக்கம்.

— செத்தவனுக்கு ஒரு கைக்குழந்தை இருக்கும். அதைத் தூக்கிட்டு அம்மாக்காரி இந்தப் படியில ஏறி ஏறி இறங்குவா. பார் உங்கப்பா, பார் உன் தாத்தான்னு. பதினெட்டு வயசுல அது தானா பட்டாளத்துச் சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடும். நீங்க பெத்த பிள்ளைகளை வளக்கல சின்னய்யா. படத்துக்கு ஆள் வளத்தீங்க.

— அந்த கிரைமியா தாத்தா கைக்குழந்தையா இருந்தப்பவே சர் ஆனவர். பால் குடிச்சிட்டிருந்தவருக்கு ரெஜிமெண்ட்லேருந்து சல்யூட் அடிக்க வந்தாங்களாம்.

— இவனுக்கும் வருவாங்க. அதுக்குத்தான் நான் பயப்படறேன். இவன் ஒருத்தன் போனா பரவாயில்லையா? இவன் பின்னாடி மேட்டுப்பண்ணைப் பையன் போவான், ஆலைப்பண்ணைப் பையன் போவான். எங்கண்ணன் உங்கண்ணன் பின்னாடி போன மாதிரி. ஆலைப்பண்ணை அம்மா மூணு பேரைக் குடுத்துட்டு, இப்ப கடையில என்னைப் பாத்தா முகத்தைத் திருப்பிக்கறா. நாளைக்கு அவ பேரப்பிள்ளையையும் என் பிள்ளை கூட்டிட்டுப் போகணுமா?

— அது வரைக்கும் சண்டையெல்லாம் முடிஞ்சிருக்கும்.

— வாட்டர்லூ முடிஞ்சப்பவும் இதைத்தான் சொல்லியிருப்பாங்க.

— பட்டம் எனக்கு வந்தா மட்டும்?

— உங்க காலு இப்படி வளைஞ்சு இருக்கறப்ப பட்டாளத்துக்கு உங்களை யார் கூப்பிடப் போறாங்க? உங்களுக்குக் கல்யாணமும் இல்ல, பிள்ளையும் இல்ல. உங்களோட இது முடிஞ்சுடும். தப்பா எடுத்துக்காதீங்க.

— எடுத்துக்கல.

— உங்க படம் அங்க இல்லாதது எவ்வளவு அதிர்ஷ்டம்னு உங்களுக்குத் தெரியுமா?

— அதிர்ஷ்டமா? எனக்கு எட்டு வயசு இருக்கறப்ப ஹெக்டர் படம் எங்க மாட்டணும்னு அம்மா சுவத்துல அளவெடுத்தாங்க. எனக்கு எங்கேம்மான்னு கேட்டேன். "உனக்கு எதுக்குடா"ன்னாங்க. கணப்புலேருந்து ஒரு கரித்துண்டை எடுத்துட்டுப் போய், மேல்படி மூலையில என்னை நானே வரைஞ்சுக்கிட்டேன். வாள், தொப்பி எல்லாம் வச்சு, ரெண்டு காலும் நேரா. மத்தியானத்துக்குள்ள சுண்ணாம்பு அடிச்சுட்டாங்க.

— ஐயோ பாவமே.

— ஹெக்டர் மட்டும் சிரிக்கல. அது வந்து, அவன் என்னைப் பாத்து எப்பவுமே சிரிச்சதில்ல.

— உங்களை நம்பித்தானே கொட்டகைக்குக் கூட்டிட்டு வந்தார்.

— ஸ்டேஷன்ல கடைசியா என்ன சொன்னான் தெரியுமா? ரயில் நகர ஆரம்பிச்சுடுச்சு. ஜன்னல் வழியா என் காலரைப் பிடிச்சுக்கிட்டு, "நினியன், எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான்டா சொல்லணும்"னான். சொல்றேன்னு தலையாட்டினேன்.

— சின்னய்யா, அவர் என்கிட்டயும் ஒண்ணு சொன்னார். கொட்டகையிலேருந்து வர்றப்ப. பிள்ளை பொறந்தா அதுக்கு ஆடு மேய்க்கக் கத்துக் குடுன்னார். விளையாட்டுக்குச் சொன்னார்னு நெனச்சேன். இல்ல.

— பொய்ச் சத்தியம் பண்ணச் சொல்றே என்னை.

— ஆமா.

— செத்துப்போன அண்ணனுக்கு எதிரா.

— ஆமா. நான் உங்க கால்ல வேணாலும் விழறேன்.

— அதெல்லாம் வேண்டாம், எந்திரி. யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க? எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. இது யாருக்காக? உனக்காகத்தானே?

— எனக்காக. இவனுக்காக.

— நீதான் கேக்கறே. நானா எதையும் சொல்லல. அப்படித்தானே?

— நான்தான் கேக்கறேன். எத்தனை தடவை கேக்கணும்?

— இன்னொரு தடவை கேளு.

— உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன் சின்னய்யா. என் பிள்ளையை அந்தச் சுவத்துல மாட்டாம இருக்க, நீங்க ஒரு பொய் சொல்லுங்க. அந்தப் பாவத்துல பாதி என் தலையில இருக்கட்டும்.

— சரி.

— சரின்னா?

— சரி, அப்படியே ஆகட்டும்.

— சாமி… என்ன சொல்றதுன்னே தெரியலையே. ராத்திரி பூரா யோசிச்சுட்டு வந்தேன், நீங்க ஒத்துக்கமாட்டீங்கன்னு. நினியன் ஐயா நேர்மையானவர், செத்தாலும் பொய் சொல்லமாட்டார்னு எங்கப்பா சொன்னார். அப்படிப்பட்டவரைப் போய் இதைக் கேக்கறோமேன்னு எனக்கு வெக்கமா இருந்துச்சு.

— உங்கப்பா அப்படியா சொன்னார்?

— இந்தாங்க, இவனைக் கொஞ்சம் பிடிங்க. பயப்படாதீங்க, கழுத்துக்குக் கீழே கையைக் குடுங்க. அவ்வளவுதான். உங்க அண்ணன் பிள்ளை சின்னய்யா. வெளியில சொல்ல முடியாது, இந்த ரூமுக்குள்ளயாவது ஒரு தடவை தூக்கிக்குங்க.

— ஹெக்டர் மாதிரியே நெத்தி.

— ஏன் சட்டுனு உக்காந்துட்டீங்க?

— ஒண்ணுமில்ல. கால்ல வலி.

— நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். வியாழக்கிழமை நானும் வர்றேன். வக்கீல் கேக்கறப்ப உங்க பக்கத்துலயே உக்காந்துக்கறேன். எனக்கும் அவருக்கும் கல்யாணம் ஆகலைன்னு என் வாயால நானே சொல்றேன். பிள்ளைக்காக நீங்க மட்டும் தனியா உக்காந்து பொய் சொல்றதை என்னால நெனைச்சே பாக்க முடியல. எத்தனை மணிக்கு வர்றார்?

— நீ வர வேண்டாம் கிர்ஸ்டி.

— வருவேன். பாக்ஸ்டரம்மா எந்த வாசலைப் பூட்டினாலும் வருவேன்.

— வியாழக்கிழமை அவர் வரமாட்டார்.

— இப்பத்தானே வர்றார்னீங்க?

— அவருக்கு இங்க வேலை இல்ல. போன செவ்வாய்க்கிழமை நானே ரயிலேறி பெர்த்துக்குப் போய் அவரைப் பாத்துட்டேன்.

— பாத்து?

— எங்கண்ணன் யாரையும் கட்டிக்கலைன்னு பைபிள் மேல கை வச்சு சொல்லிட்டு வந்தேன்.

— செவ்வாய்க்கிழமையா?

— ம்.

— அன்னிக்கு நான் உங்ககிட்ட வாயே திறக்கலையே. நான் வந்து என் புருஷனுக்காக, பிள்ளைக்காகச் சண்டை போடுவேன்னுதானே நெனச்சுட்டு இருந்திருப்பீங்க?

— ஆமா.

— வக்கீல் கூப்பிடாமலே போனீங்களா?

— ஆமா.

— கொழந்தையைக் குடுங்க. குடுங்கன்னா!

— இந்தா.

— அங்க எல்லாத்தையும் முடிச்சுட்டு வந்தவர், இங்க இவ்வளவு நேரம் என்னை எதுக்குக் கெஞ்ச விட்டீங்க?

— நீங்க கெஞ்சிக் கேட்டா, உங்களுக்காகப் பண்ணதா ஆயிடும்னு பாத்தேன் அண்ணி.