வெட்டாமல் விட்ட முகத்துவாரம்

காலையில் கந்தோருக்குப் போனதும் முதல் வேலையாக ஜன்னலைத் திறப்பேன். வாவிக்காற்று முகத்தில் பட்டால்தான் எனக்குக் கணக்கு ஓடும். என்னோடு வேலை செய்யும் றுமானா, கடதாசியெல்லாம் பறக்கிறது என்று முணுமுணுப்பாள். நல்ல பிள்ளை. நான் சொல்லப்போகும் விஷயத்தில் அவளுக்கு எந்தப் பங்கும் இல்லை.

என் பெயர் திவாகரன். மட்டக்களப்பு வாவியில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டிச் சொல்லும் கணித மாதிரியை உருவாக்கியவன். மேற்கே பெய்யும் மழை, ஆறுகள் கொண்டுவரும் நீர், கடலின் மட்டம் எல்லாவற்றையும் உள்ளே கொடுத்தால், வாவியின் உயரம் வெளியே வரும். சொல்வதற்கு லேசாக இருக்கிறது. என் இளமை முழுக்க அதில்தான் போனது.

வாவி கடலைச் சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிக்கொள்ளும். மாரியில் தண்ணீர் ஏறியதும் அந்த மணலை வெட்டிவிட வேண்டும். எப்போது வெட்டுவது என்பதில்தான் ஒவ்வொரு வருடமும் இழுபறி. வயல் வட்டையில் வேளாண்மை செய்கிறவர்களுக்குப் பயிர் அழுகுமுன் வெட்டியாக வேண்டும். வாவியில் தொழில் செய்கிறவர்களோ, முந்தி வெட்டினால் இறாலெல்லாம் கடலுக்குப் போய்விடும் என்பார்கள். இரண்டு பக்கமும் கூட்டத்தில் கத்திக் களைத்த பிறகு என்னைப் பார்ப்பார்கள். நான் என் எண்ணைச் சொல்வேன். பிறகு ஒரு விவசாயியும் ஒரு மீனவரும் சேர்ந்து முதல் மண்ணை வெட்டிப் போடுவார்கள். மிச்சத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

இதில் எனக்கு நடந்துவந்த அநியாயத்தைக் கவனியுங்கள். வீடுகள் மூழ்கும் என்று நான் சொல்வேன். உடனே வெட்டிவிடுவார்கள். தண்ணீர் வடிந்துவிடும், ஒரு வீடும் மூழ்காது. அடுத்த கிழமை சந்தையில் யாராவது, “என்ன சாத்திரியார், உங்கட வெள்ளம் எங்க? வாற வழியில பஸ் பழுதாப் போச்சா?” என்று கேட்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்ப்பேன்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றில் ஒரு பெண் எழுந்து, உங்கள் தரவெல்லாம் வெட்டிய வருடங்களுடையது, வெட்டாவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. நான் அளக்கத் தொடங்கிய பிறகு தண்ணீர் வெட்ட வேண்டிய மட்டத்தைத் தாண்ட யாரும் விட்டதில்லை. என் வரைபடத்தில் புள்ளிகள் அங்கே முடிந்துவிடும். அதற்கு மேலே இருப்பது நான் நம்பி இழுத்த கோடு மட்டுமே.

போன மாரியில் கடலில் தாழமுக்கம் உருவாகிப் பெருமழை பிடித்தது. உடனே வெட்டாவிட்டால் புளியடித்துறை வீடுகளுக்குள் ஆளுயரத்துக்குத் தண்ணீர் ஏறும் என்று மாதிரி சொன்னது. கூட்டத்தில் நான், வாசற்படியோடு நிற்கும், பொறுக்கலாம் என்றேன். மீனவர்கள் கைதட்டினார்கள். வெளியே வரும்போது றுமானா மெதுவாகக் கேட்டாள்.

“சேர், நேத்து நம்ம எடுத்த கணக்கு இது இல்லையே?”

பிறகு திருத்தினேன் என்றேன். அவள் நம்பினாள். என்னை நம்பாமலிருக்க அவளுக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை.

புளியடித்துறை கரையோரத்தில் உள்ள சின்னக் குடியிருப்பு. அங்கே கனகசிங்கம் என்ற மீனவரின் வீட்டடியில் என் அளவுப்பலகை நட்டிருந்தது. தண்ணீர் அதில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துத் தொலைபேசியில் சொல்வது அவர் வேலை. அவரும் மனைவி இலட்சுமிப்பிள்ளையும் மட்டும்தான் வீட்டில். மகள் ஆர்த்திகா டவுனில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

அன்று விடிந்ததிலிருந்து மழை. அயலவர்கள் எல்லாரும் மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்குத் தங்கப் போய்விட்டார்கள் என்று கனகசிங்கம் அழைத்துச் சொன்னார்.

“நாங்களும் வெளிக்கிடட்டா சேர்? இவ மூட்டையும் கட்டிட்டு நிக்கா.”

“வாசற்படியோட நிண்டிடும். நீங்க போனா பலகையை ஆர் பாக்கிறது?”

“ஓம், அதுவும் சரிதான். நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

அந்தச் சொல் எனக்கு இனித்தது. சந்தையில் எவனும் என்னை அப்படி நம்பியதில்லை.

மத்தியானம் தண்ணீர் வாசற்படியைத் தாண்டியது. அவர் அளவைச் சொன்னார், நான் வரைபடத்தில் புள்ளியை வைத்தேன். அது அச்சொட்டாக என் கோட்டிலேயே விழுந்தது. மறைக்க மாட்டேன், என் கலியாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

“சேர், தோணியும் அறுத்துக்கொண்டு போயிட்டு. இவக்கு நீச்சல் தெரியாது. ஆரிட்டயும் சொல்லி ஒரு போட் அனுப்புங்களன்.”

“சொல்றன். மறுகா ஒருக்காப் பலகையைப் பாருங்க.”

மேசை மேல் ஏறி, ஜன்னலால் எட்டிப் பார்த்துச் சொன்னார். போட்டைப் பற்றி நான் யாருக்கும் சொல்லவில்லை. போட் வந்தால் அவர் ஏறிப் போய்விடுவார். என் கோடு வளையத் தொடங்குவதே அந்த இடத்தில்தான். பின்னால் இலட்சுமிப்பிள்ளை அழுவது கேட்டது. அவர் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது.

“சேர், சார்ஜ் முடியப்போகுது. பிள்ளையோட ஒரு வார்த்தை கதைச்சிட்டு எடுக்கிறன்.”

“அளவைச் சொல்லிட்டுக் கதையுங்க.”

சொன்னார். அத்தோடு தொடர்பு அறுந்தது. மகளுக்கு அழைப்பு எதுவும் போகவில்லை என்று பின்னர் அறிந்தேன்.

தண்ணீர் வடிந்த பிறகு இருவரையும் கண்டல் பற்றைக்குள் கண்டெடுத்தார்கள். செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். இயற்கை அனர்த்தம் என்று விசாரணையில் முடிவானது. வாவியைப் பற்றிய விளக்கம் கேட்க அவர்கள் அழைத்ததும் என்னைத்தான். அன்று கிடைத்த புள்ளிகளால் பிற்காலத்தில் எத்தனையோ பேர் பிழைப்பார்கள். இரண்டு பேரை மறுபக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தால் நான் செய்தது தவறு என்று யாரும் சொல்ல முடியாது.

ஆர்த்திகா படிப்பை விட்டுவிட்டு அதே வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கிருந்தது. தகப்பனுடைய வேலையைக் கொடுத்தேன், பலகையையும் புதிதாக நட்டேன். அன்றைக்கு அவள் கேட்டாள்.

“அப்பா கடைசியா உங்களோடதானே சேர் கதைச்சவர். என்னைப் பத்தி ஏதும் சொன்னவரா?”

இல்லை, அளவை மட்டும்தான் சொன்னார் என்றேன். பொய் சொல்லி அந்தப் பிள்ளையை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.

இந்த வருட மாரியும் கடுமையாகத்தான் இருக்கிறது. இன்று காலை அவள் அழைத்தாள்.

“சேர், தண்ணி சுறுக்கா ஏறுது. முகத்துவாரத்தை வெட்டச் சொல்லுவீங்கதானே? எனக்குத் தனிய இருக்கப் பயமாக் கிடக்கு.”

பயப்படாதே, வீட்டைவிட்டு எங்கேயும் போகாதே, பலகையை மட்டும் பார்த்துக்கொண்டிரு என்றேன். ஒரே ஒரு முறை பொருந்திய கோட்டை நேர்மையான எந்த ஆய்வாளனும் நம்ப மாட்டான். பொறுக்கலாம் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு, இப்போதுதான் கந்தோருக்கு வந்து தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.