கடைசி ஆளுக்குப் பின்னாடி வர்ற பஸ்

அண்ணே, அந்த ஹாரன மட்டும் அடிக்காதீங்க. கையெடுத்துக் கும்பிடறேன். அடிச்சா முன்னாடி போறவரு வேகமா ஓடுவாருன்னு நெனக்கறீங்க. ஓட மாட்டாரு, நின்னுடுவாரு. இப்ப ஒரு தடவ அடிச்சீங்கல்ல, பாத்தீங்களா? தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறிடுச்சு. ஓரமா ஒதுங்கி, திரும்பிப் பாத்து, அப்புறம்தான் மறுபடி கால எடுத்து வெச்சாரு. அதுலயே இருபது அடி போச்சு.

ஐயோ, உங்க வேலையில தலையிடலண்ணே. பின்னாடி போய் உக்காருன்னா உக்காந்துக்கறேன். இங்க முன்னாடின்னா கால நீட்டிக்கலாம், அதான். கெண்டக்கால் பிடிச்சுக்கிச்சு. ஆமா, பதினெட்டாவது கிலோமீட்டர் போர்டு கிட்ட கைய நீட்டி ஏறினேனே, அப்ப. பின்னாடி ஆறு பேரு ஷூவக் கழட்டிப் போட்டுட்டு வாயத் தொறந்து தூங்கறாங்க. எனக்குத் தூக்கம் வரல. பேச்சுத் துணைக்கு நான் இருக்கேன், நீங்க ஓட்டுங்க. மெதுவா ஓட்டுங்க.

ரூல் தெரியும்ணே. இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம். கடைசியா வர்றவனுக்குக் கடிகாரம் கணக்கில்ல, இந்த பஸ்தான் கணக்கு. பஸ் யாரத் தாண்டுதோ அவரு பஸ்ஸுல ஏறிடணும், நம்பர் துணியக் கழட்டிக் குடுத்துடணும். பின்னாடியே கூட்டி அள்ளிக்கிட்டு வருதுல்ல, அதான் ஓடற எங்க ஆளுங்க இதுக்குத் தொடப்பம்னு பேரு வெச்சிருக்காங்க. கோச்சுக்காதீங்க, உங்களச் சொல்லல, பஸ்ஸச் சொன்னேன்.

ஆமா, அவருதான் கடைசி ஆளு. மஞ்சப் பனியன். அவருக்குப் பின்னாடி நீங்க, உங்களுக்குப் பின்னாடி யாரும் இல்ல. காலைல கூடச் சொல்லிச் சிரிச்சாரு. முன்னாடி ஓடறவனுக்கு ஒரு மெடலு, கடைசியா ஓடறவனுக்குத்தான் ஆம்புலன்ஸு, போலீசு, பஸ்ஸுன்னு மந்திரி மாதிரி ஊர்வலம்னு.

செகண்ட் கியருக்கு மாத்தாதீங்கண்ணே. ஃபர்ஸ்ட்லயே விடுங்க. சூடாகுமா? இந்த எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது. கிளட்ச்சு மேல கால வெச்சுக்கிட்டே ஓட்டறீங்க, அதுதான் தேயும். எனக்கு எப்படித் தெரியும்னா, நானும் உங்க லைன்தான். பத்தொம்பது வருஷம் ஸ்டீரிங் பிடிச்சேன். ரொட்டிக் கம்பெனி வேன். மூணு மணிக்கு லோடு ஏத்தினா, கடைங்க ஷட்டர் தூக்கறதுக்குள்ள நாப்பது இடத்துல எறக்கணும். மழை, காய்ச்சல், பொண்டாட்டிக்குப் பிரசவம், எதுன்னாலும் ரொட்டி நிக்கக் கூடாது. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் தூங்கினா பெரிய விஷயம். உங்களுக்குச் சொல்லணுமா என்ன.

விட்டுட்டேன். மூணு வருஷம் ஆச்சு. இப்ப ஒரு கிடங்குல பெட்டி அடுக்கறேன். ஏன்னா... தலைவலிண்ணே. சாவியக் கையில எடுத்தாலே வந்துடும்.

அந்தத் தலைவலியிலதான் இந்த மஞ்சப் பனியன்காரரு எனக்குப் பழக்கம். மருந்துக்கடை வெச்சிருக்காரு. நான் போவேன், கல்லா முன்னாடி நிப்பேன், என்ன வேணும்னு கேப்பாரு, தலைவலி மாத்திரைன்னு சொல்லுவேன். வாங்கிட்டு வந்துடுவேன். அடுத்த வாரம் மறுபடி. ஒம்பது வாரம். ஒம்பதாவது தடவ அவரு மாத்திரையக் குடுக்கல. கல்லாவுக்குப் பின்னாடி இருந்து வெளிய வந்தாரு. கக்கத்துல ஊன்றுகோல். தம்பி, வாராவாரம் தலைவலின்னா அது தலையில இல்ல, நீங்க நாளைக்குக் காலைல என்கூட நடக்க வாங்க, எனக்கும் துணைக்கு ஆள் வேணும்னாரு. வியாபாரத்தக் கெடுத்துக்கிட்டு யாராவது இப்படிச் சொல்லுவாங்களா?

போனேன். எப்படிப் போகாம இருக்கறது?

மொதல்ல நடைதான். அவரு டொக்கு டொக்குன்னு ஊன்றுகோலோட, நான் பக்கத்துல. நாலு மாசத்துல ஒரு கோல் போச்சு, ஆறாவது மாசம் ரெண்டாவதும் போச்சு. அப்புறம் ஒரு நாள், தம்பி, அந்த விளக்குக் கம்பம் வரைக்கும் ஓடிப் பாக்கலாமான்னாரு. ஒரு கம்பந்தான். ஓடினோம். அவருக்குக் கண்ணுல தண்ணி. வலியான்னு கேட்டேன், இல்லன்னாரு. எனக்கும் வந்துச்சு. அடுத்த நாள் ரெண்டு கம்பம். அப்படியே கம்பம் கம்பமா எண்ணித்தான்ணே இருபத்தோரு கிலோமீட்டர் வந்தோம். எனக்கு ரெண்டு கால்லயும் கட்டவிரல் நகம் கருத்து விழுந்துடுச்சு. என் பொண்டாட்டி கேக்கறா, வயசான காலத்துல உனக்கு எதுக்குய்யா இந்த வேலை, யார் தொரத்தறா உன்னன்னு. என்னத்தச் சொல்ல.

அண்ணே, அண்ணே! நெருங்கறீங்க. கொஞ்சம் பிரேக்க மிதிங்க. இப்ப எவ்வளவு இருக்கும், நாப்பது அடி? எழுபது அடியாவது விடுங்க. பந்தயம் நடத்தறவங்க ஆளு, அந்தப் பச்சைக் கோட்டுக்காரரு, விசிலடிச்சா அடிக்கட்டும். பைக்குல உக்காந்துக்கிட்டுக் கைய வீசறது சுலபம். பத்து மணிக்கு உங்களுக்கு வேற டிரிப் இருக்குன்னு தெரியும். இன்னும் ஒண்ணரை கிலோமீட்டர்தான்ணே. மிஞ்சினா பதினஞ்சு நிமிஷம்.

வலது கால இழுக்கறாருல்ல, அதத்தான கேக்கறீங்க. உள்ள கம்பி இருக்கு. ஆறு ஸ்க்ரூ. முடிஞ்சா நடப்பீங்க, ஓட்டமெல்லாம் மறந்துடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மூணு வருஷம் முன்னாடி இதே பந்தயத்துக்குத்தான் பயிற்சி எடுத்துக்கிட்டிருந்தாரு. அப்ப நல்லா ஓடுவாராம், இதே தூரத்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள. பந்தயத்துக்குப் பதினோரு நாள் இருக்கு. விடிகாலையில தண்ணித்தொட்டி ரோட்டுல தனியா ஓடிக்கிட்டிருந்தாரு. பின்னாடியிருந்து ஒரு வண்டி. ஹாரனும் இல்ல, பிரேக் சத்தமும் இல்ல.

நிக்கல. போயிடுச்சு. முக்கால் மணி நேரம் ரோட்டோரத்துல கிடந்தாராம், அப்புறம் பேப்பர் போடறவரு பாத்திருக்காரு. வண்டி நம்பர யாரும் பாக்கல. போலீஸ் ரெண்டு தடவ வந்து எழுதிக்கிட்டுப் போச்சு, அதோட சரி.

அவனெல்லாம் ஒரு மனுஷனான்னு கேக்கறீங்க. ஆமாண்ணே. நானும் அதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்.

அதான் ஹாரன் வேணாம்னு சொன்னேன். அன்னையில இருந்து அவரு எதிர்ல வர்ற வண்டியப் பாத்து மட்டுந்தான் ஓடுவாரு. பின்னாடி எஞ்சின் சத்தம் கேட்டா கழுத்து விறைச்சுப் போயிடும், என் முழங்கையப் பிடிச்சுக்குவாரு. பிடின்னா அப்படி ஒரு பிடி, நகம் பதியும். நான் எப்பவும் ரோட்டுப் பக்கமா ஓடுவேன், அவர உள் பக்கமா விடுவேன். அத அவரு வீட்டுக்காரம்மா கவனிச்சிருக்காங்க. அண்ணா, நீங்க அவர்கூட ஓடறதாலதான் காலைல நான் கண்ண மூடித் தூங்கறேன்னாங்க. நல்ல மனுஷி. அவங்க கையால காப்பி குடுத்தா பாதியிலயே வெச்சுட்டுக் கெளம்பிடுவேன். இப்பக்கூட எல்லைக்கோட்டுகிட்டதான் நிக்கறாங்க, ஃபிளாஸ்க்க வெச்சுக்கிட்டு. அவருக்கு ஒரு ஜோடி செருப்பு, எனக்கு ஒரு ஜோடி.

இருபது! இருபதாவது போர்டு தாண்டிட்டாரு! இன்னும் ஒரே கிலோமீட்டர்.

ஐயையோ, நின்னுட்டாரு. தொடையப் பிடிக்கறாரு. மிதிங்கண்ணே, மிதிங்க, நல்லா மிதிங்க. அப்பாடா. சார்! சார், குனியாதீங்க, நிமிந்து நில்லுங்க! கண்ணாடி ஏத்தியிருக்கு, எங்க கேக்கப் போகுது. கைய ஆட்டறாரு பாருங்க. நமக்குத்தான். போங்க, போங்க, தாண்டிப் போயிடுங்கங்கறாரு. தோத்துட்டேன்னு இல்லண்ணே. அந்தச் சத்தம் முதுகுல வந்துக்கிட்டே இருக்குல்ல, அதத் தாங்க முடியல. போய்த் தொலையட்டும்னு நெனக்கறாரு.

தாண்டாதீங்கண்ணே! அவரே சொல்றாருன்னா? அவரு சொல்லுவாரு. ஒரு தடவ வண்டி தாண்டிப் போனது போதும் அவருக்கு.

நடக்கறாரு. ஆங், நடக்கறாரு. அப்படித்தான். நீங்களும் அப்படியே உருட்டுங்க.

என்ன, எனக்கா? கால் பிடிச்சுக்கிச்சுன்னு சொன்னேனே. அங்க பக்கத்துல ஓடியிருக்கலாமேன்னா... பதினெட்டு வரைக்கும் பக்கத்துலதான் ஓடினேன். உங்க பஸ் நெருங்குச்சு. அவரு முழங்கையப் பிடிச்சாரு, முகம் வெளுத்துப் போச்சு. பக்கத்துல நின்னு தைரியம் சொல்லி என்ன பிரயோஜனம்? பயம் பக்கத்துல இல்ல, பின்னாடி வருது. நீங்க முன்னாடி போங்க சார், எனக்கு முடியலன்னேன். பாவம், அவரு என்னப் பாத்துக் கவலப்பட்டாரு. உப்பு மாத்திரை இருக்கு, போட்டுக்கறீங்களான்னு பையில தேடறாரு, அந்த நெலமையில!

முக்கால் கிலோமீட்டர் நடந்தே தீத்துட்டாரு பாருங்க. பச்சைக் கோட்டுக்காரரு ஏன் வர்றாரு? கதவத் தட்டறாரு. என்ன சொல்றாரு? ரோட்டத் தொறந்து விடணுமா. ரெண்டு நிமிஷத்துல எல்லைக்கோட்டத் தாண்டலன்னா அவரையும் ஏத்தச் சொல்றாரா. அண்ணே, வேணாம்ணே. அதோ தெரியுது பாருங்க, நீலத் துணி வளைவு. ஐந்நூறு அடி இருக்குமா? அங்க இருந்து பாத்தா இவரோட பனியன் தெரியும். அந்தம்மா பாத்துக்கிட்டிருப்பாங்க. அவங்க கண்ணு முன்னாடி பஸ்ஸுல ஏத்தப் போறீங்களா?

யாருண்ணே எனக்கு? அவரு எனக்கு யாரா? சொந்தமெல்லாம் இல்ல. கூடப் பொறந்தவரு இல்ல, மச்சான் இல்ல. உங்களுக்கென்ன இவ்வளவு பதட்டம்னு கேக்கறீங்க. நியாயம்தான்.

ரொட்டி வேன் ஓட்டினேன்னு சொன்னேன்ல. அந்த வண்டிதான் அது.

நான்தான். தண்ணித்தொட்டி ரோட்டுல. மூணு நாளாத் தூக்கமில்ல, ஒரு நொடி கண்ணு சொருகிடுச்சு, டப்புன்னு சத்தம். இடது பக்கக் கண்ணாடி ஒடஞ்சு தொங்குது. நடுக் கண்ணாடியில பாத்தேன். ஆளு கையூனி உக்காந்தாரு. உயிர் இருக்கு, யாராவது வந்து தூக்கிடுவாங்கன்னு நெனச்சேன். கால் ஆக்ஸிலேட்டர்லயே இருந்துச்சுண்ணே. எடுக்கணும் எடுக்கணும்னு நெனச்சேன், எடுக்கல. அன்னைக்கு நாப்பது கடைக்கும் ரொட்டி போட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ஒரு கடைக்குக்கூட லேட்டு இல்ல.

மருந்துக்கடைக்கு ஒம்பது தடவ போனது தலைவலிக்கு இல்ல. சொல்றதுக்குத்தான் போனேன். என்ன வேணும்னு கேப்பாரு, வாய் தானா மாத்திரைன்னு சொல்லிடும். அத்தனையும் வீட்டு டிராயர்ல அட்ட அட்டயாக் கெடக்கு, ஒண்ணுகூட முழுங்கல. அப்புறம் தினம் காலைல இன்னைக்குச் சொல்லிடலாம்னு போவேன். ஒரு கம்பம் போகட்டும், அடுத்த கம்பத்துல சொல்லலாம். அப்படியே ரெண்டரை வருஷம். அவருக்குத் தெரியாது. இந்த உலகத்துல யாருக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன், உங்க பேருகூட எனக்குத் தெரியாது.

திட்டுங்க, பரவால்ல. கீழ எறக்கி விடறதுன்னாலும் விடுங்க. ஆனா வண்டிய நிறுத்துங்கண்ணே. அன்னைக்கு நான் நிறுத்தல. நீங்க நிறுத்திடுங்க. எஞ்சின் மக்கர்னு சொல்லிக்கலாம், ஃபர்ஸ்ட்லயே ஓட்டினா சூடாகத்தான செய்யும்.

...

சாவியவே எடுத்துட்டீங்களா.

பாருங்க. திரும்பிப் பாக்கறாரு. சத்தத்தக் காணோமேன்னு பாக்கறாரு. தோள் எறங்குது பாருங்கண்ணே, எறங்குது. ஓடறாரு! நொண்டிக்கிட்டே ஓடறாரு. அந்தம்மா செருப்பக் கையில தூக்கி ஆட்டறாங்க. போங்க சார், போங்க, இன்னும் நாலு கம்பம். மூணு.

தாண்டிட்டாரு. உக்காந்துட்டாரு ரோட்டுல. சிரிக்கறாரா, அழறாரா? இங்கேருந்து தெரியல. யாரையோ தேடறாரு. என்னத்தான் தேடறாரு.

கதவத் தொறந்து விடுங்கண்ணே. இல்ல, நீங்க பிடிச்சு எறக்க வேணாம். கால் பிடிச்சுக்கிச்சுன்னது பொய். நல்லாத்தான் இருக்கு. இப்பவே ஓடினா, அவரு எந்திரிக்கறதுக்குள்ள போய்ச் சொல்லிடுவேன்.